டிஷ்ஷா, ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கா: எது அதிக நாள் உழைக்கும்?

போன மழைக்காலத்தில் எங்கள் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தது. முதலில் பலத்த மழையின்போது மட்டும், அப்புறம் சின்னத் தூறலுக்கே. வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: டிஷ்ஷைக் கழற்றிவிடலாம், பாதி நேரம் ஸ்ட்ரீமிங்தானே பார்க்கிறோம். சரி என்று கேபிளைப் பிடுங்கிவிட்டு, இரண்டு மாதம் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை மட்டும் வைத்து ஓட்டினோம். பிறகு நானே மாடியேறி டிஷ்ஷைச் சரிசெய்து மறுபடி இணைத்தேன். இப்போது நேரலைக்கு டிஷ், மற்றதற்கு ஸ்டிக். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், நான் டிஷ்ஷைத்தான் வைத்துக்கொள்வேன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் முடித்துவிடலாம். நினைத்த நேரத்தில் நினைத்த படம் வேண்டுமென்றால் ஸ்ட்ரீமிங்தான், அதில் போட்டியே இல்லை. செயற்கைக்கோள் இருக்கும் திசையை மரமோ கட்டடமோ மறைத்தால், அல்லது டிஷ் மாட்ட அனுமதி கிடைக்காத வீடு என்றால், யோசிக்க ஒன்றுமில்லை. கொட்டும் மழையில் டிஷ் சில நிமிடங்கள் கைவிடும், ஃபைபர் இணைப்பு விடாது. வருடத்துக்கு இரண்டு முறை, இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டி, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது சில நாட்களுக்கு தினமும் சில நிமிடம் சிக்னல் போகும். இதெல்லாம் உண்மை. ஆனால் இவற்றை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. முடிவைத் தீர்மானித்தது கருவியின் ஆயுள்.

மாடியில் இருப்பது என்ன என்று பாருங்கள். ஒரு வளைந்த தகடு, அதன் முன்னால் சிக்னலை வாங்கும் சின்னக் கருவியான எல்என்பி, ஒரு கேபிள், அவ்வளவுதான். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து வந்துசேரும் சிக்னல் மிகவும் பலவீனமானது. தகடு அதைக் குவித்துக் கொடுக்கிறது. டிஷ் டிவிக்குப் பயன்படும் கேயூ பேண்ட் என்ற அலைவரிசைப் பகுதியில் அது 10.7 முதல் 12.75 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அலை, அவ்வளவு உயர்ந்த அலையைச் சாதாரணக் கேபிளில் இறக்கினால் வழியிலேயே தேய்ந்துவிடும். அதனால் எல்என்பி அதை 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்துக் கீழே அனுப்புகிறது. எந்தத் துருவம், அதாவது அலை அதிரும் எந்தத் திசை வேண்டும் என்பதை டிவியோடு இணைந்த பெட்டியான ரிசீவர் 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் கொடுத்துச் சொல்கிறது. மேல் பாதி அலைவரிசை வேண்டுமென்றால் அதே கேபிளில் 22 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குறி ஒன்றை ஏற்றி அனுப்புகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், பல நாடுகளில் புழங்கும் யுனிவர்சல் எல்என்பி இந்தச் சின்ன மொழியை 1990களிலிருந்து மாற்றாமல் பேசிக்கொண்டிருக்கிறது என்பதுதான். யார் செய்த எல்என்பியும் யார் செய்த ரிசீவரோடும் சேரும். ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். யாருடைய சர்வரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒளிபரப்புத் தரங்களும் நிதானமாகத்தான் நகர்ந்திருக்கின்றன. செயற்கைக்கோள் டிவிக்கான டிவிபி-எஸ் என்ற தரம் 1990களில் வந்தது. டிவிபி-எஸ்2 2005இல் வந்தது, அதே அலைவரிசையில் சுமார் 30 சதவீதம் கூடுதலாக ஏற்ற முடிந்தது. அதன் நீட்சியான எஸ்2எக்ஸ் 2014இல். பழைய ரிசீவர்கள் காலாவதியாவதும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பிபிசி 2024 ஜனவரியிலும், ஜெர்மனியின் ஏஆர்டி 2025 ஜனவரியிலும் செயற்கைக்கோள் வழியான எஸ்டி ஒளிபரப்பை, அதாவது பழைய குறைந்த தெளிவு ஒளிபரப்பை, நிறுத்தின. எச்டி தெரியாத பெட்டி வைத்திருந்தவர்கள் புதிது வாங்க வேண்டியிருந்தது. ஆனால் பெட்டி மட்டும்தான். டிஷ், எல்என்பி, கேபிள் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

ஸ்ட்ரீமிங் பக்கம் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் மனசு கொஞ்சம் கனக்கிறது. 2010, 2011ஆம் ஆண்டு சாம்சங் ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றிலும் ஆரம்பகால ரோக்கு ஸ்ட்ரீமிங் பெட்டிகளிலும் 2019 டிசம்பரோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றது. மூன்றாம் தலைமுறை ஆப்பிள் டிவியில் யூடியூப் ஆப் 2021 மார்ச்சோடு முடிந்தது. எனக்கு மிகவும் உறைத்தது 2025 மார்ச்சில் நடந்தது. கூகுளின் ஸ்ட்ரீமிங் கருவிகளான இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் ஒரே நாளில் உலகம் முழுக்க வேலை செய்யாமல் போயின. காரணம், உள்ளே இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழின் பத்து வருடக் கெடு முடிந்துவிட்டது. கூகுள் சில நாட்களில் புதிய மென்பொருள் அனுப்பிச் சரிசெய்துவிட்டது. ஆனால் அந்த நாட்களில் உடையாத, சூடாகாத, துருப்பிடிக்காத ஒரு கருவி, தேதி தாண்டியதால் மட்டும் செத்துக் கிடந்தது. சொந்தக்காரரால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

எங்கள் பழைய ஸ்டிக்கின் கதையும் அதே வகைதான். நான்காவது வருடத்தில் மெனு திறக்கவே நேரம் எடுத்தது. அப்புறம் ஓர் ஆப் புதுப்பிக்க மறுத்தது. கடைசியில் இந்தச் சாதனத்தில் இனி இயங்காது என்று திரையில் ஒரு வரி. திறந்து பார்க்க ஸ்க்ரூ கிடையாது, மாற்ற பாகம் கிடையாது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினோம். அதே வீட்டு மாடியில் அதைவிட மூன்று மடங்கு வயதான டிஷ் நின்றுகொண்டிருந்தது.

அந்த டிஷ்ஷில் என்னதான் கோளாறு? மாடியேறிப் பார்த்தபோது தகட்டில் மேலோட்டமான துரு, அதனால் பாதகமில்லை. எல்என்பிக்குக் கேபிளை இணைக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே ஈரம். நடுக்கம்பியில் பச்சை பூத்திருந்தது. அந்தக் கம்பி வழியேதான் எல்என்பிக்கு மின்சாரமும் போகிறது, மின்சாரம் ஓடும் செம்பில் ஈரம் சேர்ந்தால் அரிப்பு சீக்கிரம் ஏறும். கெட்டுப்போன பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, திருகி ஏற்றும் மலிவான கனெக்டருக்குப் பதிலாக அழுத்திப் பொருத்தும் வகையைப் போட்டேன். அதன்மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன். கேபிளைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டேன், மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. முதலில் மாட்டியவர் இந்த வளைவை விட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

பிறகு திசை. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ரிசீவர் திரையில் இரண்டு கோடுகள் வரும், சிக்னல் பலம் ஒன்று, சிக்னல் தரம் ஒன்று. பலம் என்பது கேபிளில் ஏதோ வருகிறது என்பதற்கான அடையாளம் மட்டும். பார்க்க வேண்டியது தரத்தை. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரிதான். காற்றில் ஒரு டிகிரி விலகினாலும் தெளிந்த வானத்தில் படம் நன்றாகவே வரும், ஆனால் மழைக்கென்று இருந்த மிச்சம் கரைந்துபோயிருக்கும். தூறலுக்கே படம் உடைந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். போல்ட்டைத் தளர்த்தி, நூலளவு நூலளவாக நகர்த்தி, தரக்கோடு உச்சம் தொட்ட இடத்தில் இறுக்கினேன். எல்என்பியையும் அதன் பிடிக்குள் லேசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும், அந்தச் சாய்வுக்கும் தரத்தில் பங்கு உண்டு. மொத்தமாக ஒரு காலைப்பொழுது ஆனது. அடுத்த பெருமழையில் சில நிமிடம்தான் படம் போனது.

அடிக்கடி மழையில் போகிறது என்றால் பெரிய டிஷ்ஷும் ஒரு வழி. 60 செ.மீ. தகட்டைவிட 90 செ.மீ. தகட்டின் பரப்பு இரண்டேகால் மடங்கு. ஆனால் காற்றுப்பிடிப்பும் அதே அளவு கூடும், தாங்கியும் அதற்கேற்ப வேண்டும். பனி கொட்டும் ஊர்களில் தகட்டில் பனி படிவது வேறு விதமான தொல்லை என்பார்கள், அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது.

நேரலையில் டிஷ்ஷுக்கு இன்னொரு பலம். செயற்கைக்கோள் அனுப்புவது ஒரே சிக்னல். பத்து பேர் பார்த்தாலும் பத்து கோடிப் பேர் பார்த்தாலும் அதற்கு வித்தியாசம் இல்லை. ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். 2024 நவம்பரில் டைசன்–பால் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் ஒளிபரப்பியபோது உச்சத்தில் ஆறரைக் கோடி ஸ்ட்ரீம்கள் ஒரே நேரத்தில் ஓடின என்று அந்த நிறுவனமே சொன்னது. அன்றைக்குப் படம் சுற்றிச் சுற்றி நின்றது என்று பார்வையாளர்கள் பரவலாகப் புகார் சொன்னார்கள். தாமதமும் உண்டு. விண்ணுக்குப் போய்த் திரும்ப சிக்னலுக்குக் கால் நொடிதான், என்கோடிங்கைச் சேர்த்தாலும் சில நொடிகள். ஸ்ட்ரீமிங்கில் அரை நிமிடம் பின்தங்குவது சாதாரணம். இது மெல்ல மெல்லக் குறைந்துவருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவின் விஷயம் தனி. ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் சானல் வர வேண்டும், அவருக்கு அவ்வளவுதான். அந்த இரண்டு மாதமும் ஆப்பைத் திறந்து, பெயரைத் தேர்ந்தெடுத்து, தேடி எடுப்பதற்குள் செய்தி முடிந்துவிடும் என்று டிவி பக்கமே வராமல் இருந்தார். டிஷ் திரும்பி வந்த அன்று மாலை தானாகவே ரிமோட்டைக் கையில் எடுத்தார். எனக்கு அது பெரிய விஷயம்.

இரண்டையும் ஒரே பெட்டியில் தரும் ஹைப்ரிட் செட்டாப் பாக்ஸ்கள் இருக்கின்றன. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. ஆப் பகுதி முதுமையடையும்போது நல்ல ட்யூனரையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டிவரும். தனி ரிசீவர், தனி ஸ்டிக் என்று வைத்திருந்தால் கெட்டதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கைமாற்றி விற்கும்போதும் அப்படித்தான். சந்தா நிறுவனம் தன் கார்டோடு பூட்டிக் கொடுத்த பெட்டியை வெளியே யாரும் வாங்க மாட்டார்கள், இலவச சானல் ரிசீவரை வாங்க ஆள் இருக்கிறார்கள்.

இனி டிஷ்ஷின் எதிர்காலம். இங்கே என் பக்கம் பலவீனமாகிறது. அமெரிக்காவில் செயற்கைக்கோள் டிவி நிறுவனமான டைரக்டிவியை அப்போது வைத்திருந்த ஏடி அண்ட் டி, கடைசிச் செயற்கைக்கோளை ஏவிவிட்டோம் என்று 2018லேயே சொல்லிவிட்டது. பிரிட்டனில் டிஷ்ஷாலேயே வளர்ந்த ஸ்கை, 2021இல் டிஷ்ஷே வேண்டாத ஸ்கை கிளாஸ் டிவியைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் நிறுவனங்களான எஸ்இஎஸ், இன்டெல்சாட் இரண்டும் 2025 ஜூலையில் ஒன்றாயின. ஒளிபரப்புச் செயற்கைக்கோளின் ஆயுள் பொதுவாகப் பதினைந்து வருடம்தான், எரிபொருள் தீரத் தீர அதைத் தன் இடத்தில் நிறுத்திவைக்க முடியாமல் போகும். அதனால் டிஷ்ஷில் காசு போடுமுன் உங்கள் டிஷ் பார்க்கும் செயற்கைக்கோளின் பெயரைக் கண்டுபிடித்து, அது எந்த வருடம் ஏவப்பட்டது, அதே இடத்துக்கு மாற்று வருவதாக அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வயதைத் தாண்டி மாற்றும் இல்லை என்றால், பழைய டிஷ்ஷைச் சரிசெய்து ஓட்டலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். நான் பார்த்தபோது எங்களுடையது நடுவயதில் இருந்தது, அதனால் துணிந்தேன்.

கருவிகளும் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. முன்பெல்லாம் ஒவ்வொரு டிவிக்கும் எல்என்பியிலிருந்து தனிக் கேபிள் இழுக்க வேண்டும். இப்போது யூனிகேபிள் முறையில் ஒரே கேபிளில் பல ரிசீவர்கள் ஓடும். சாட்-ஐபி என்று இன்னொன்று. டிஷ் சிக்னலை வாங்கி வீட்டு நெட்வொர்க்கில் போட்டுவிடும், டிவியோ டேப்லெட்டோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு நண்பரிடம் வாங்கிச் சில வாரம் ஓட்டிப் பார்த்தேன். கம்பி நெட்வொர்க்கில் அருமை, வைஃபையில் அவ்வப்போது திணறியது. என் ரௌட்டரின் குறையாகவும் இருக்கலாம், சில வார அனுபவத்தை வைத்து அழுத்திச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்ட்ரீமிங் மட்டும் போதும் என்று நீங்கள் முடிவெடுத்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தகட்டைக் கழற்றினாலும் சுவரில் இருக்கும் தாங்கியையும் கேபிளையும் விட்டுவையுங்கள். கேபிளின் மேல்முனையில் ரப்பர் டேப்பைச் சுற்றி, முனை கீழே பார்க்கும்படி கட்டிவிடுங்கள். மனம் மாறினால் ஒரு காலைப்பொழுதில் திரும்ப மாட்டிவிடலாம். கேபிளையும் உருவிவிட்டால் சுவரைத் துளைப்பதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.