வைஃபை போன் கோளாறு: அளந்து பார்த்துச் சரிசெய்தவர்

எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு நடந்துகொண்டே பேசினால் வைஃபை போனில் குரல் உடைந்து, பாதியில் கட்டாகிவிடும். போனையே மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். சர்வீஸுக்கு வந்த தம்பியோ முதலில் மூலைக்கு மூலை சிக்னலை அளந்தார். குரலுக்கு மைனஸ் 67 டிபிஎம்மாவது வேண்டும் (டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்); இரும்பு ரேக்குகளுக்குப் பின்னால் மைனஸ் 78தான் இருந்தது. அப்புறம், வைஃபை சிக்னல் தரும் பெட்டிகளான ஆக்சஸ் பாயிண்ட்கள், பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை எல்லாம் ஒரே சேனலில், ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக! போன்களை நெரிசல் குறைவான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றி, 802.11ஆர் என்கிற வைஃபை வசதியையும் போட்டுவிட்டார். அது இருந்தால் அடுத்த ஆக்சஸ் பாயிண்டுக்குத் தாவும்போது முழு சரிபார்ப்பும் மறுபடி நடக்காது, பேச்சு அறுபடாது. எவ்வளவு நிம்மதி! கூலி கொஞ்சம் அதிகம், ஆனாலும் தாராளமாகக் கொடுக்கலாம். மாடிப்படியில் மட்டும் இன்னும் லேசாக விட்டுவிட்டுக் கேட்கிறது. அங்கே இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் வேண்டும் என்கிறார்.