பாம்பன் கரைச் சூரை: குழம்புக்கு நாலு, பச்சைக்கு ஒன்று

சஷிமி (ஜப்பானியர் பச்சையாகவே சாப்பிடும் மீன் துண்டு) வீடியோ பார்த்துவிட்டு, பாம்பன், மண்டபம் பக்கம் காலையில் வாங்கும் சூரையை (டூனா) அப்படியே துண்டு போட்டுச் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். குழம்புக்கு ஐந்தில் நாலு மதிப்பெண் தாராளமாகத் தரலாம். பச்சைக்கு ஒன்றுதான்.

குறை மீனில் இல்லை, ஐஸில். மீன் செத்ததும் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை பாக்டீரியா ஹிஸ்டமினாக, அதாவது ஒவ்வாமை போன்ற உபாதை தரும் நச்சாக, மாற்றத் தொடங்கும். 4 டிகிரிக்கு மேல் சூடு ஏற ஏற அது வேகம் பிடிக்கும். செவுள்வலையில் மாட்டிய சூரை வலையிலேயே செத்து, வலை இழுக்கும்வரை வெதுவெதுத் தண்ணீரில் கிடக்கும். சஷிமிக்குப் போகும் கேரையை (சூரையில் ஒரு பெரிய வகை) தூண்டிலில் பிடித்து, உடனே மூளையில் குத்தி, ரத்தம் வடித்து, செவுளும் குடலும் எடுத்து, ஐஸ் கரைசலில் அமிழ்த்துவார்கள். குழம்புச் சூரைக்கு அவ்வளவு மெனக்கெட்டால் விற்கிற விலைக்குக் கட்டுமா?

ஹிஸ்டமின் கொதித்தாலும் போகாது. அதனால் குழம்புக்கு வாங்கும்போதும் செவுளைத் தூக்கிப் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பு வேண்டும், பழுப்பு ஆகாது. வயிற்றைக் கீறும்போது விலா முள் சதையை விட்டுத் தானே பிரிந்து வந்தால் அது ஐஸ் இல்லாமல் வெகுநேரம் கிடந்த மீன். வாயில் வைத்ததும் மிளகு கடித்தாற்போல் நாக்கு சுருக்கென்றால் துப்பிவிடுங்கள். முகம் சிவந்து தலை வலிப்பது அடுத்த கட்டம். நாற்றம் இல்லை என்பதை நம்ப வேண்டாம். கிலோ மீனுக்குக் கிலோ உடைத்த ஐஸ்: அடியில், வயிற்றுக்குள், மேலே.

சத்து? மஞ்சள் கேரையில் 100 கிராம் பச்சைச் சதைக்குப் புரதம் சுமார் 24 கிராம், கொழுப்பு அரை கிராம். செலினியம், நியாசின், பி12 நிறைய. வெந்த சதையில் புரதம் 29 கிராம் என்று காட்டுவது தண்ணீர் வற்றியதால்தான். பச்சையில் மிஞ்சும் லாபம் கொஞ்சம் பி வைட்டமின். குழம்பில் அது சாற்றில் இறங்கும், சாற்றை யாரும் கொட்டுவதில்லை. ஒமேகா-3 தேடுகிறவர்களுக்குப் பக்கத்துக் கூடைச் சாளையே மேல்.

பச்சை மீன் சதையில் இருக்கக்கூடிய புழுவுக்குப் பயந்து எலுமிச்சை பிழிவதால் சதை வெளுக்கும், புழு சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வேண்டும். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18-ஐத் தாண்டாது, கதவு திறக்கத் திறக்க அதுவும் ஏறும். உறைய வைத்தாலும் ஏற்கெனவே ஊறிய ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் பச்சை மீன் எந்தக் கரையிலிருந்து வந்தாலும் வேண்டாம்.