புலம்பெயர் ஈரானியர் குழுவுக்கு டெலிகிராம்: ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் எது நிற்கிறது, எது உதிர்கிறது

டெலிகிராம் மதிப்புரைகள் பெரும்பாலும் ஸ்டிக்கர், கோப்பு அளவு, வேகம் என்று பேசிவிட்டு முடிந்துவிடும். புலம்பெயர்ந்த ஈரானியர்கள் அரசியல் பேசும் ஒரு குழுவை அதில் நடத்துபவர்களுக்கு அவை எதுவும் பொருட்டே இல்லை. யார் பேசலாம், எவ்வளவு வேகமாகப் பேசலாம், பேசியவரின் பெயர் எங்கே போய்ச் சேரும் என்பவைதான் அன்றாடக் கவலை.

ஈரான் நீதித்துறை 2018 ஏப்ரல் 30 அன்று டெலிகிராமைத் தடுக்க ஆணையிட்டபோது அங்கே அதற்குச் சுமார் 4 கோடிப் பயனர்கள் இருந்தார்கள். தடை வந்த பிறகும் விபிஎன் போட்டு உள்ளே வருபவர்கள் ஓயவில்லை. விபிஎன்னை அவர்கள் 'ஃபில்டர்-ஷெகன்' (வடிகட்டி உடைப்பான்) என்பார்கள். ஆகவே லாஸ் ஏஞ்சலஸ், டொரோன்டோ, பெர்லின்காரர்களுக்காகத் தொடங்கிய குழுவில் ஈரானுக்குள் இருக்கும் ஷீராஸிலிருந்தும் ரஷ்த்திலிருந்தும் ஆட்கள் இருப்பார்கள். ஒரே வசனத்துக்கு இரு தரப்பும் கொடுக்கும் விலை வேறு. ஈரான் தண்டனைச் சட்டத்தின் 500ஆம் பிரிவு அரசுக்கு எதிரான பிரசாரத்துக்கு 3 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. இஸ்லாமியக் குடியரசை நிறுவிய கொமேனியையோ உச்ச தலைவரையோ இழிவுபடுத்தினால் 514ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு. இரட்டைக் குடியுரிமையை அந்த நாடு ஏற்பதில்லை என்பதால், கனடா பாஸ்போர்ட்டோடு அம்மாவைப் பார்க்கப் போகிறவருக்கும் இது பொருந்தும். 2009 தேர்தல் போராட்டத்துக்குப் பிறகு, டெஹ்ரான் விமான நிலையத்தில் இறங்கியவர்களிடம் பேஸ்புக் கணக்கைப் பற்றிக் கேட்டார்கள் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அந்த டிசம்பரிலேயே எழுதியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சொல்லைப் பிடித்து நீக்கும் கருவிகள் பாரசீகத்தில் பெரும்பாலும் தோற்கின்றன. வேகத்தையும் அடையாளத்தையும் கட்டுப்படுத்தும் கருவிகள் நீண்ட காலம் தாங்குகின்றன, கருத்துச் சுதந்திரத்தையும் குறைவாகவே கடிக்கின்றன.

சொல் வடிகட்டி

ஆயத்தமாகக் கிடைக்கும் மட்டுறுத்தல் பாட்களில் (குழுவைக் கண்காணிக்கும் தானியங்கி நிரல்கள்) 'அரபு எழுத்து, வலமிருந்து இடம்' என்றொரு ஸ்பாம் தடுப்புப் பொத்தான் இருப்பது வழக்கம். அதைத் தெரியாமல் தட்டினால் பாரசீகக் குழு முழுவதும் ஒரே நிமிடத்தில் ஊமையாகிவிடும். முதலில் அதை அணையுங்கள்.

அடுத்தது எழுத்துக் குறியீடு. பழைய கைபேசியிலும் அரபு விசைப்பலகையிலும் அடிக்கும் 'யே', ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் பதின்ம எண் 1610. பாரசீக 'யே' 1740. 'காஃப்' அப்படியே 1603, 1705 என்று இரண்டு. திரையில் ஏறத்தாழ ஒன்றாகத் தெரிந்தாலும் பாட் நிரலுக்கு இவை நான்கும் வேறு வேறு எழுத்து. ஆகவே ஒப்பிடுவதற்கு முன் 1610ஐ 1740 ஆகவும், 1603ஐ 1705 ஆகவும் மாற்ற வேண்டும். எழுத்தை இழுத்து நீட்டும் கஷீதா (1600), உயிர்க்குறிகள் (1611 முதல் 1618 வரை) இரண்டையும் உதிர்க்க வேண்டும். பாரசீக எண்கள் 1776இலிருந்தும் அரபு எண்கள் 1632இலிருந்தும் தொடங்குகின்றன. இரண்டையும் சாதாரண எண்ணாக்கவில்லை என்றால் தொலைபேசி எண் தேடும் விதி பாதியைத் தவறவிடும்.

மிகவும் வம்பு செய்வது 'நீம்-ஃபாஸெலெ' என்ற அரை இடைவெளி (8204). 'யாரும் இல்லை' என்று பொருள்படும் 'ஹீச்-கஸ்' என்ற சொல்லின் நடுவில் ஒழுங்காக எழுதுகிறவர் இதைத்தான் இடுவார். 'ஆள்' என்று பொருள்படும் 'கஸ்' என்பதும் பாரசீகத்தின் மிகக் கொச்சையான வசை ஒன்றும் உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் ஒரே இரண்டு எழுத்து. முழுச் சொல்லை மட்டும் பிடி என்று பைத்தான் நிரல்மொழியில் விதி எழுதினாலும், அரை இடைவெளியை அது சொல்லின் எல்லையாக எடுத்துக்கொள்ளும். நன்றாக எழுதத் தெரிந்தவரின் பதிவே முதலில் போகும். அரை இடைவெளியை உதிர்த்துவிட்டு ஒப்பிட்டால் 'ஹீச்-கஸ்' தப்பும், தனியாக நிற்கும் 'கஸ்' தப்பாது. சொல்லுக்குள் தேடும் விதி இன்னும் மோசம்: 'குடியிருப்பு சார்ந்த' என்று பொருள்படும் 'மஸ்கூனி'க்குள் ஓரினச் சேர்க்கையாளரை இழிக்கும் ஒரு வசை முழுதாக உட்கார்ந்திருக்கிறது. பெர்லினில் வாடகை வீடு தேடுகிறவரின் செய்தி காணாமல் போவது இப்படித்தான். இரண்டு மூன்று எழுத்துச் சொல் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

வடிகட்டி உண்மையாகவே உதவும் இடம் ஒன்று உண்டு: வேறு எந்தப் பொருளிலும் வராத நீண்ட கூட்டுச் சொற்கள். அரபியரை இழிக்கும் 'சூஸ்மார்-கோர்' (உடும்பு தின்னி), 'மலக்-கோர்' (வெட்டுக்கிளி தின்னி) போன்றவை. இவற்றை விளையாட்டுப் பேச்சு என்று விடுவதற்கில்லை. 2006 மே மாதம் அரசு நாளிதழ் 'ஈரான்' வெளியிட்ட கரப்பான்பூச்சிக் கேலிச்சித்திரம் ஒன்று, அஜர்பைஜானித் துருக்கியரைச் சீண்டுவதாக எடுத்துக்கொள்ளப்பட்டு தப்ரீஸ் தெருக்களைக் கொந்தளிக்க வைத்தது. புலம்பெயர்ந்தவர்கள் அந்தக் காயங்களையும் சூட்கேஸில் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

வசை, முழக்கம், குற்றச்சாட்டு

தலைவர்களைத் திட்டுவதைத் தொடவே கூடாது. 2022 ஜூலையில், பேஸ்புக் குழு ஒன்றில் கேலிச்சித்திரத்தோடு வந்த, ஆட்சிக்கும் அப்போது உச்ச தலைவராக இருந்த காமெனெயிக்கும் 'மர்க் பர்' (நேர்ப்பொருள்: 'சாவு வரட்டும்') சொன்ன பதிவை மிரட்டல் என்று பேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா நீக்கியது. அது 'ஒழிக' வகை முழக்கம், கொலை மிரட்டல் அல்ல என்று மெட்டாவின் மேற்பார்வை வாரியம் 2023 ஜனவரி 9 அன்று முடிவு சொன்னது. குழுவுக்கும் அந்த அளவுகோல் போதும். முழக்கம் இருக்கட்டும். இன்னாரை, இன்ன இடத்தில், இன்னபடி தாக்கு என்பது போகட்டும். இந்தக் கோட்டைக் குழு போடாவிட்டால் டெலிகிராம் போடும்: பெட்ரோல் குண்டு வீசத் தூண்டியதற்காக 2017 டிசம்பர் 30 அன்று ஆமத்நியூஸ் என்ற ஆட்சி எதிர்ப்புச் சேனலை ஒட்டுமொத்தமாக மூடியது. அதை நடத்திய ரூஹொல்லா ஸம் பிரான்சில் வாழ்ந்தவர். 2019 அக்டோபரில் பிடிபட்டு, 2020 டிசம்பர் 12 அன்று ஈரானில் தூக்கிலிடப்பட்டார். வெளிநாட்டில் இருக்கும் நிர்வாகிக்கு ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் இதை நினைவூட்டலாம்.

குழுவை உடைப்பது இந்தத் திட்டுகள் இல்லை, சக உறுப்பினர் மீது வீசப்படும் பட்டங்கள்தான். 'சைபரி' என்றால் ஆட்சிக்குச் சம்பளத்துக்குப் பதிவு போடுகிறவர். 'மோஸ்தூர்' கூலிக்காரர். மன்னர் ஷாவை விரட்டிய தலைமுறை, புரட்சி நடந்த ஈரானிய நாள்காட்டியின் 1357ஆம் ஆண்டை (1979) வைத்து 'பஞ்ஜா-ஓ-ஹஃப்தி' (ஐம்பத்தேழுக்காரர்). பிரிவினை பேசுகிறவர் 'தஜ்ஸியெ-தலப்', இரு பக்கமும் சாயாதவர் 'வசத்-பாஸ்'. 2023 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஷாவின் மகன் ரெசா பஹ்லவி, மசீஹ் அலிநெஜாத், ஹமேத் எஸ்மாயிலியோன் முதலான ஆட்சி எதிர்ப்பாளர்கள் ஒரே மேடையில் இணைந்ததும், சில மாதங்களுக்குள் அந்தக் கூட்டணி சிதறியதும் இந்தப் பட்டங்களைத் தினசரிச் சரக்காக்கிவிட்டன.

எல்லாப் பட்டத்தையும் தடுத்தால் அரசியலே பேச முடியாது. கொஞ்சம் பலன் தரும் விதி இது: கருத்தையோ கட்சியையோ எந்தப் பட்டத்தாலும் அழைக்கலாம், பெயர் தெரிந்த உறுப்பினரை ஆட்சியின் ஆள், உளவாளி என்று குழுவில் எழுதக்கூடாது. சந்தேகம் இருந்தால் ஆதாரத்தோடு நிர்வாகிகளுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். பொய்க் குற்றச்சாட்டு ஒருவரின் வேலையையும் உறவுகளையும் கெடுக்கும். மெய்யான உளவாளியோ, தான் கண்டுபிடிக்கப்பட்டதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வேறு கணக்கில் திரும்புவார். 'வாயைக் கட்டுகிறார்கள்' என்ற குரல் இந்த விதிக்கு எதிராக எப்போதும் எழும், அதில் நியாயமும் கொஞ்சம் இருக்கிறது. இருந்தும் இதை விட்டுக்கொடுத்த குழு ஊர்ப் பஞ்சாயத்தாக மாறிவிடும்.

வேகம்

டெலிகிராமின் சிறந்த கருவி மெதுநிலை. ஒவ்வொருவரும் ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் இடையே 10 விநாடி, 30 விநாடி, 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம், 1 மணி என்று காத்திருக்கச் செய்யலாம். சாதாரண நாளில் 30 விநாடி. தூக்குத் தண்டனைச் செய்தியோ குண்டுவீச்சுச் செய்தியோ வரும் இரவில் 5 நிமிடம். 15க்குப் போனால் பேச்சு நின்று கட்டுரைப் போட்டி தொடங்கிவிடும். நிர்வாகிகளுக்கு இந்தக் கட்டு கிடையாது என்பதால், சண்டை நடக்கும்போது நிர்வாகி வாதத்தில் இறங்குவது அநியாயமாகத் தெரியும், அநியாயமும்தான். இருபது புதுக் கணக்குகள் கூட்டமாக வந்தால் மெதுநிலையால் பயனில்லை, அது தலைக்கு ஒன்று என்றுதான் எண்ணுகிறது. அதற்கு நிர்வாகி ஒப்புதல் கேட்கும் அழைப்பு இணைப்பு வேண்டும்.

புதியவரை முதல் நாள் படமோ இணைப்போ போடாமல் நிறுத்த பாட் தேவை. அந்தக் கட்டுப்பாட்டின் காலாவதி நேரத்தை 30 விநாடிக்குக் குறைவாகவோ 366 நாளுக்கு மேலாகவோ கொடுத்தால் டெலிகிராம் அதை நிரந்தரத் தடையாக எடுத்துக்கொள்ளும். சேவையகக் கடிகாரம் பிசகியிருந்தாலே இது நடந்துவிடும். 'ஏன் என் வாயை அடைத்தீர்கள்' என்ற புகார் வந்தால் இதை ஒரு முறை பாருங்கள்.

நிர்வாகி அமர்த்துவதில் நேர வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள். டெஹ்ரானில் வெள்ளிக்கிழமை காலை 11.30 என்றால் லாஸ் ஏஞ்சலஸில் குளிர்காலத்தில் நள்ளிரவு. கலிபோர்னியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா மூன்றிலும் ஒருவராவது இல்லாவிட்டால், ஈரானின் விடுமுறைப் பகலில் குழு அநாதை.

அடையாளம்

ஒவ்வொரு புது உறுப்பினருக்கும் முதல் செய்தியாக இதை அனுப்புங்கள்: அமைப்புகள், தனியுரிமை, தொலைபேசி எண் என்று போய் 'யாருக்கும் இல்லை' தேர்ந்தெடுக்கவும். அதன்பின் கீழே தோன்றும் 'எண்ணை வைத்து என்னைக் கண்டுபிடிக்கக் கூடியவர்' என்பதில் 'என் தொடர்புகள்' வைக்கவும். இரண்டாவதை விட்டுவிட்டால் முதலாவது பாதி வீண். ஆயிரக்கணக்கான எண்களைத் தொடர்புப் பட்டியலில் ஏற்றி, எந்த எண் எந்தக் கணக்கு என்று பொருத்திப் பார்த்துவிடலாம். ஈரான் எண்ணில் கணக்கு இருந்தால் இரட்டைச் சரிபார்ப்புக் கடவுச்சொல் கட்டாயம். குறுஞ்செய்திக் குறியீட்டை இடைமறித்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குள் புகுந்ததையும், 1.5 கோடி ஈரானியப் பயனர்களின் எண்கள் அடையாளம் காணப்பட்டதையும் 2016 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது.

100 பேருக்கு மேல் உள்ள குழுவில் உறுப்பினர் பட்டியலை மறைக்கலாம். பேசுகிறவர் அதற்குப் பிறகும் தெரிவார். யார் எந்தப் பதிவுக்கு இதயம் இட்டார் என்பதும் குழுவில் தெரியும், எதிர்வினைகளை அணைத்துவிடுவது நல்லது. போராட்டப் படத்தை 'கோப்பாக' அனுப்பினால் எடுத்த இடம், நேரம் உள்ளிட்ட தகவல் அப்படியே கூடப் போகும். 'படமாக' அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். முகத்தை மங்கலாக்குவதைவிடக் கறுப்புப் பட்டை பூசுவது மேல். ஈரானுக்குள் இருப்பவர் குரல் செய்தி போட்டால் அவரிடம் அனுமதி கேட்காமலே நீக்கலாம். எங்கள் கணக்கில் அது தணிக்கை ஆகாது.

தடையைச் சுற்றிக்கொண்டு டெலிகிராமுக்குள் வர உதவும் இடைச் சேவையகங்களின் இணைப்புகள், அதாவது பிராக்ஸி இணைப்புகள், தனித் தலைவலி. உள்ளே இருப்பவர்களுக்கு அவை உயிர்நாடி. ஆனால் டெலிகிராம் பிராக்ஸியை நடத்துகிறவர் பயனரின் அரட்டைப் பட்டியலில் தன் விளம்பரச் சேனலை ஏற்ற முடியும், ஆகவே அவை வெள்ளமாக வரும். செய்தியை அவரால் படிக்க முடியாது, பயனரின் ஐபி முகவரி தெரியும். தெரியாதவர் போட்டதை நீக்கி, நிர்வாகி சரிபார்த்தவற்றுக்கு மட்டும் தனித் தலைப்பு வையுங்கள்.

குழு உரையாடல்களுக்கு முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்க முடிகிற பூட்டு) இல்லை என்பது பலருக்கு இன்னும் உறைக்கவில்லை. நிர்வாகி உரிமை பெற்ற வெளியார் பாட் எல்லாச் செய்தியையும் படிக்கும். பாட் வேண்டுமென்றால் உங்கள் சேவையகத்தில் நீங்களே ஓட்டுங்கள். நிர்வாகிகள் செய்ததைக் காட்டும் டெலிகிராமின் செயல்பதிவில் 48 மணி நேரத்துக்கு மேல் எதுவும் நிற்காது, மேல்முறையீட்டுக்கு அது போதாது. நீக்கியதை எல்லாம் சேமித்து வைத்தாலோ, நிர்வாகியின் கைபேசி பிடிபடும் நாளில் அதுவே குற்றப்பத்திரிகை. நீக்கிய தேதி, விதி எண், ஒரு வரிக் காரணம் மட்டும் எழுதி, உரையை இரண்டு வாரத்தில் அழிப்பது நடுவழி. நிர்வாகிகள் பெயர் மறைத்துச் செயல்படும்போது 16 எழுத்துக்குள் பட்டம் சூட்டலாம். 'நடுவர் 3' என்றிருந்தால் யார் என்று தெரியாது, ஆனால் அதே ஆள்தானா திரும்பத் திரும்ப நீக்குகிறார் என்று உறுப்பினர்கள் எண்ணிப் பார்த்துக் கேட்க முடியும்.

உரிமையாளர் ஈரானுக்குப் போவதாக இருந்தால் குழுவை வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு போட்டு 7 நாளும், அந்தக் கருவியில் உள்நுழைந்து 24 மணி நேரமும் ஆகியிருந்தால்தான் டெலிகிராம் அதை அனுமதிக்கும். கிளம்பும் முந்தைய இரவு நினைவு வந்தால் நடக்காது, பயணச்சீட்டு எடுக்கும் அன்றே தொடங்குங்கள்.