42 சதவீதம் என்று காட்டி அரை மாதச் சம்பளத்தைப் பறித்துவிட்டார்கள்

ஆண்களின் ஆசைக் குறைவுக்கு மாத்திரை விற்கும் ஓர் இணையதளத்திடம் அரை மாதச் சம்பளத்தை இழந்துவிட்டு எழுதுகிறேன். பெயர் சொல்லவில்லை, இதே சரக்கை இதே பேச்சோடு விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

விளம்பரத்தை நம்பி நான் பணம் கட்டவில்லை. ஆலோசகர் என்று ஒருவர் அழைத்தார். யாரிடமும் சொல்லாததைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. "இது நிறையப் பேருக்கு இருப்பதுதான் சார்" என்றார். அந்தக் கனிவுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன். பிறகு ஓர் ஆய்வுக் கட்டுரையை அனுப்பினார்: மாத்திரையில் இருக்கும் டி-அஸ்பார்டிக் அமிலத்தால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 42 சதவீதம் உயர்ந்ததாம்.

பலன் இல்லை என்றதும் குரல் மாறியது. "உங்கள் உடல்வாகு அப்படி சார்." அடுத்து, "நம்பிக்கையோடு சாப்பிட வேண்டும் சார்." கடைசியில், "பிரித்த டப்பாவுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது." இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை. அரை மாதச் சம்பளம்!

அந்த ஆய்வு பொய்யில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 2009இல் வந்தது. அமிலத்தைச் சாப்பிட்டவர்கள் 23 பேர், அதுவும் 12 நாள். 42 சதவீதம் என்பது ரத்தத்தில் இருந்த ஹார்மோனின் கணக்கு. ஆசையின் கணக்கு அல்ல. 2013இலும் 2015இலும் உடற்பயிற்சி செய்யும் ஆண்களிடம் சோதித்தார்கள். ஒன்றில் மாற்றமே இல்லை. மற்றதில், தினம் 6 கிராம் எடுத்தவர்களுக்கு ஹார்மோன் குறைந்தே போனது. அவையும் சிறிய ஆய்வுகள்தாம், ஆனால் ஆலோசகர் அவற்றை ஏன் அனுப்பவில்லை? இத்தனை குறைந்த பேரை வைத்துப் பார்த்தால் தற்செயலாகவே எண் எகிறும். எகிறிய எண்தான் விளம்பரத்தில் ஏறும். 2016இல் வெளியான ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 790 ஆண்கள் இருந்தார்கள். ஹார்மோன் உண்மையிலேயே குறைந்தவர்கள், அவர்களில் ஒரு பகுதியினர் பூசியது அசல் டெஸ்டோஸ்டிரோன் ஜெல். அதைப் பூசியவர்களுக்கே ஆசை ஓரளவுதான் கூடியது.

என் ரத்த அளவை இவர்கள் கேட்கவே இல்லை. பின்னால் மருத்துவர் பார்த்தார்: அளவு சரியாக இருக்கிறது. அவர் விசாரித்ததெல்லாம் என் தூக்கத்தையும் மனச்சோர்வையும்தான்.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. காலை வேளையில், இரு வேறு நாட்களில் ரத்தப் பரிசோதனை செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். ஆய்வைக் காட்டினால் எத்தனை பேர், எத்தனை நாள், எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். குழந்தை வேண்டுவோர் டெஸ்டோஸ்டிரோன் ஊசிப் பக்கம் தாமாகப் போகாதீர்கள். விந்தணு உற்பத்தி முடங்கும். மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால், கட்டாதீர்கள்.