காரைக்குடிப் பக்கத்திலிருந்து வேலை தேட லிங்க்ட்இன் எவ்வளவு உதவும்?

யாருக்கு ஒத்துவராது என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஜவுளிக்கடை விற்பனை, புதுவயல் அரிசி ஆலை வேலை, சமையல், டிரைவர் வேலை தேடுகிறவர்கள் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்பு இணையதளத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அந்த வேலைகள் இன்னும் தெரிந்தவர் சொல்லியும் வாட்ஸ்அப் குழுக்களிலும்தான் அமைகின்றன. தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தையும் பார்க்கலாம். கணக்கு, ஐடி, ஆய்வகம், ஓட்டல் நிர்வாகம், ஏற்றுமதி என்று போகிறவர்களுக்கு லிங்க்ட்இன் நிச்சயம் கைகொடுக்கும். 2003இல் தொடங்கி, 2016இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய தளம் இது. தொடங்குகிறவருக்கு இலவசக் கணக்கே போதும்.

பலரும் இதை பயோடேட்டா ஒட்டிவைக்கும் பலகை என்று நினைத்து ஏமாறுகிறார்கள். ஆள் எடுப்பவர் ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் படிக்க மாட்டார். பதவி, திறன், ஊர் மூன்றையும் போட்டுத் தேடுவார். அந்தச் சொற்கள் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் உங்கள் பெயர் அவர் கண்ணிலேயே படாது.

அதனால் அதிக நேரம் கொடுக்க வேண்டியது பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனுக்கு. 220 எழுத்து இடம் உண்டு. நீங்களாக எழுதாவிட்டால், இப்போதைய வேலையையோ படிப்பையோ வைத்துத் தளமே நிரப்பிவிடும். அப்படித்தான் 'ஸ்டூடன்ட் அட் அழகப்பா யுனிவர்சிட்டி' என்று பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. அதைத் தேடி யாரும் வருவதில்லை. 'சீக்கிங் ஆப்பர்ச்சூனிட்டீஸ்' என்பதும் அப்படியே.

ஊர்ச்சொல்லுக்கும் தேடும் சொல்லுக்கும் உள்ள தூரம்தான் நம் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய தடை. கணக்கப்பிள்ளை என்றால் செட்டிநாட்டில் எல்லாருக்கும் புரியும். சென்னைக் கம்பெனி தேடுவது 'அக்கவுண்ட்ஸ் எக்சிக்யூட்டிவ்'. ஜவுளிக் கடையில் நாலு வருடம் கணக்குப் பார்த்தவர் வெறுமனே 'அக்கவுண்டன்ட்' என்று போடாமல், 'அக்கவுண்ட்ஸ் எக்சிக்யூட்டிவ் | டேலி பிரைம் | ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ் | ஜவுளி சில்லறை வணிகம், 4 ஆண்டு' என்று எழுதினால் நாலு தேடலில் அகப்படுவார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் புராஜெக்ட் முடித்த வேதியியல் மாணவி 'எம்.எஸ்சி.' என்று நிறுத்திவிடக்கூடாது. 'லித்தியம் அயான் செல், சைக்ளிக் வோல்டாமெட்ரி, இம்பீடன்ஸ்' என்று கையாண்ட முறைகளின் பெயர்களே அங்கே வரவேண்டும். பேட்டரிக் கம்பெனிகள் அவற்றைத்தான் தேடுகின்றன. எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், தேடல் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

அனுபவப் பகுதியில் 'கணக்கு வேலைகள் அனைத்தும் பார்த்தேன்' என்ற வரியால் பயனில்லை. 'மாதம் 600 பில் பதிவு. ஜிஎஸ்டிஆர்-1 ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதிக்குள், 3பி 20ஆம் தேதிக்குள் தாக்கல். 2 கிளைகளின் ஸ்டாக் சரிபார்ப்பு' என்று எழுதுங்கள். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கான இந்தக் கெடு தேதிகளைச் சரியாக எழுதுகிறவர் வேலையை உண்மையிலேயே செய்தவர் என்பது படிக்கும் அதிகாரிக்குத் தெரிந்துவிடும். எண்ணிக்கையைக் கூட்டி மட்டும் எழுதாதீர்கள், நேர்காணலில் முதல் கேள்வியே அதில்தான் விழும். கானாடுகாத்தான் பக்கம் பங்களா ஓட்டல்களில் இருப்பவர்கள் அறை எண்ணிக்கை, முன்பதிவுக்குப் பயன்படுத்திய மென்பொருள், பேசும் மொழிகள் மூன்றையும் தவறாமல் சேர்க்கவேண்டும்.

'அபௌட்' பகுதிக்கு 2600 எழுத்து இடம் இருக்கிறது. ஆனால் 'மேலும் பார்க்க' என்பதைத் தட்டாமல் தெரிவது முதல் இரண்டு மூன்று வரிகள்தான். என்ன வேலை தெரியும், என்ன வேலை வேண்டும் என்பது அதற்குள் வந்துவிடட்டும்.

திருத்த ஆரம்பிக்கும் முன், மாற்றங்களை நெட்வொர்க்குக்குத் தெரிவிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் திருத்தங்களில் சில தொடர்பில் இருப்பவர்களுக்குத் தெரியக்கூடும்.

ஊர் விஷயம் தனியாகச் சொல்லவேண்டியது. இருப்பிடம் காரைக்குடி என்று மட்டும் இருந்தால், சென்னை என்று வடிகட்டித் தேடுகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். பொய்யாகச் சென்னை என்று போடுவதும் சரியல்ல, 'நாளைக்கே நேரில் வாங்க' என்று அழைப்பு வரும். 'ஓப்பன் டு வொர்க்' பகுதியில் போகத் தயாரான ஊர்களைத் தனியே சேர்க்கலாம். வேண்டிய பதவிப் பெயர்கள் ஐந்து வரை கொடுக்கலாம், ஐந்தையும் நிரப்புங்கள். அங்கேயே, எல்லாருக்கும் தெரியும்படி பச்சை வளையம் போடுவதா, ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டுவதா என்று கேட்கும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் இரண்டாவதையே எடுக்கவேண்டும். அப்போதும் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று தளமே சொல்கிறது. முதலாளியும் ஆள் எடுப்பவரும் பங்காளிகளாக இருக்கும் ஊரில் இதை மனதில் வைப்பது நல்லது.

படத்துக்கு ஸ்டூடியோ போகவேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்கு வளவு வாசலில், வெளிச்சம் முகத்தில் விழ நின்று, போனின் பின்பக்கக் கேமராவில் எடுத்தால் போதும். கல்யாணப் படத்தில் வெட்டியது வேண்டாம், பக்கத்தில் நிற்பவர் தோள் தெரியும்.

திறன்களுக்கு வரும் 'எண்டார்ஸ்மென்ட்' எண்ணிக்கைக்கு மதிப்புக் குறைவு, தொடர்பில் இருப்பவர் உங்கள் வேலையைத் தெரியாமலேகூடத் தட்டிவிடலாம். எழுத்தில் வரும் 'ரெக்கமண்டேஷன்' அப்படியில்லை. செட்டியார் கடைகளில் கடைநிலை உதவியாளான பெட்டியடிப் பையனாகப் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போன காலத்திலும் யார் சொல்லி அனுப்பினார் என்பதே கேள்வியாக இருந்தது. புராஜெக்ட் வழிகாட்டியிடமோ பழைய மேலாளரிடமோ கேட்கும்போது, 'ஐயா, ஆடிட் நேரத்தில் நான் ஸ்டாக் வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததை இரண்டு வரி எழுதித் தரமுடியுமா?' என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் 'நல்ல பையன், கடின உழைப்பாளி' என்றுதான் வரும்.

குறைகளில் முதலாவது, ஒரே தட்டில் விண்ணப்பிக்கும் 'ஈஸி அப்ளை'. உங்களுக்கு எளிது என்றால் எல்லாருக்கும் எளிதுதான், கூட்டத்தில் விண்ணப்பம் அமுங்கிவிடும். விண்ணப்பித்த கையோடு அந்தக் கம்பெனியில் அதே துறையில் இருப்பவருக்குச் சிறு குறிப்புடன் தொடர்பு கோருங்கள். அடுத்தது பிரீமியம். முதல் மாதம் இலவசம் என்றாலும் கார்டு எண் வாங்கிக்கொள்வார்கள், மாதம் முடிந்தால் தானாகப் பணம் எடுக்கும். தேவையென்றால் நேர்காணல்கள் நெருங்கும் மாதத்தில் மட்டும் எடுத்து, முடியும் முன்பே ரத்து செய்யுங்கள்.

மிக மோசமானது போலி வேலை அழைப்பு. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று கூட்டிப்போய் மியான்மரில் சைபர் மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு. சிங்கப்பூர், துபாய் வேலை என்று யார் செய்தி அனுப்பினாலும், அந்த ஏஜென்ட் பெயர் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம், அதற்கு ரசீதும் தரவேண்டும். சுற்றுலா விசாவில் வரச் சொன்னால் பதிலே போடாதீர்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.