மாத்தூர் போனா இந்த சாயாக்கடைய விட்டுறாதீங்க

கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர்ல, ஆத்துக்கு மேல தண்ணி கொண்டு போற தொட்டிப்பாலத்துக்கு போற வழியில ஒரு சின்ன கடை, போர்டெல்லாம் கிடையாது. போன மாசம் ஆபீஸ் டிரெய்னிங்ல வாழ்க்கை லட்சியத்த ஒரே வரியில எழுத சொன்னாங்க, எனக்கு ஒண்ணுமே வரல, 35 வயசாகியும் இப்படியான்னு ரெண்டு வாரம் சரியா தூக்கமே இல்ல, அந்த மனசோடதான் இங்க வந்து உக்காந்தேன்.

மரச்சீனிக் கிழங்கு, அதான் மரவள்ளி, பூ மாதிரி வெந்து, தேங்காயும் மஞ்சளும் சேத்து மசிச்சு, வாழ இலைக் கீத்துல ஆவி பறக்க வைக்காங்க. மேல சாளை மீன் போட்ட புளிமுளம் குழம்பு. அந்த சிவப்பு சாறு கிழங்குல இறங்குறத பாத்துட்டே இருக்கலாம்! கடுப்பமா, ஸ்ட்ராங்கா ஒரு சாயா.

கட நடத்துற அம்மா கிழங்கு தீந்ததும் பிச்சிப்பூ கெட்டிட்டு இருந்தாங்க. சந்தோஷமா இருக்கீங்களான்னு கேட்டேன். "இன்னைக்கி கிழங்கு நல்லா வெந்துச்சு மக்ளே, பின்ன என்ன"ன்னாங்க. எனக்கு கண்ணு கலங்கிருச்சு, உண்மையா.

அப்புறம் பாலத்துல ஏறினேன். 1966ல கட்டுனது, 115 அடி உயரம், கீழ பறளியாறு, ஒரு மணி நேரம் சும்மா நின்னேன், அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்குனேன்.

மதியத்துக்கு முன்னாடி போங்க, மீன் சீக்கிரம் தீந்துரும். சில்லற கொண்டு போங்க.