கையில் காசு குறைவு, லேப்டாப் இருக்கிறது: டிஜே பழக எந்த சவுண்ட் கார்டு?

டிஜே பழக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மென்பொருள் நல்லது என்பதைத்தான். அதில் செலவே இல்லை. மிக்ஸ் (Mixxx) என்ற மென்பொருள் முழுக்க இலவசம். விர்ச்சுவல் டிஜேயையும் வீட்டில் பழகுவதற்குக் காசில்லாமல் பயன்படுத்தலாம். சிக்கல் ஒலி வெளியே வரும் இடத்தில் இருக்கிறது. கூட்டத்துக்கு ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை நாம் மட்டும் ஹெட்போனில் கேட்டு, தாளத்தைப் பொருத்தி வைக்க வேண்டும். அதற்குத் தனித்தனியாக இரண்டு ஸ்டீரியோ வெளியீடுகள், அதாவது நான்கு தடங்கள் வேண்டும். சாதாரண லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் கிடைப்பவை இரண்டே இரண்டு: ஓர் இடது, ஒரு வலது.

இருப்பதிலேயே மலிவான வழி பிரிப்பான் கேபிள். இடது தடத்தைக் கூட்டத்துக்கும் வலது தடத்தை ஹெட்போனுக்கும் பிரித்துக் கொடுக்கும். விர்ச்சுவல் டிஜேயில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் கடையில் பிரிப்பான் என்று கேட்டால் பெரும்பாலும் வேறொன்றைத்தான் தருவார்கள். ஒரே பாட்டை இரண்டு பேர் கேட்பதற்கான கேபிள் ஒன்று, மைக்கையும் ஹெட்போனையும் பிரிக்கும் கேபிள் இன்னொன்று. பார்ப்பதற்கு மூன்றும் ஒரே சாயல். மைக் பிரிப்பானை மட்டும் கண்ணாலேயே ஒதுக்கலாம்: அதன் முனையில் மூன்று கருப்பு வளையங்கள் இருக்கும். மற்ற இரண்டிலும் இரண்டு வளையங்கள்தான். ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, இடது வலது சோதனை ஒலி ஒன்றை செல்போனில் ஓடவிட்டு அங்கேயே கேட்டுப் பாருங்கள். ஒரு கிளையில் இடது மட்டும், மறு கிளையில் வலது மட்டும் வந்தால்தான் அது நமக்கானது.

இதில் கூட்டத்துக்குப் போவது மோனோ. சிறிய அறைக்கு அது ஒரு குறையே இல்லை. என்னை உறுத்துவது கசிவு. இரண்டு தடங்களும் ஒரே தரைக் கம்பியை (கிரவுண்ட்) பகிர்வதால், ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டினால் அதன் துடிப்பு ஸ்பீக்கரில் மெல்லக் கேட்கலாம். பாட்டு உரக்க ஓடும்போது தெரியாது. அமைதியான இடைவெளி வரும்போது தெரிந்துவிடும்.

அடுத்தது, லேப்டாப்பின் சொந்தத் துளையோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டு (கணினியின் ஒலியை வெளியே கொடுக்கும் சிறு கருவி) ஒன்றைச் சேர்த்துக்கொள்வது. மாணவர்கள் பலரும் இங்கேதான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். மிக்ஸில் ஒலிக் கருவிகளுக்கான பக்கத்தைத் திறந்து, முதன்மை வெளியீட்டுக்கு ஒரு கார்டையும் ஹெட்போனுக்கு இன்னொன்றையும் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. கூட்டத்துக்குப் போவதை யுஎஸ்பி கார்டிலும் ஹெட்போனை லேப்டாப் துளையிலும் வையுங்கள். கணினியின் அறிவிப்பு ஒலிகள் லேப்டாப் துளைக்கே போகும்படி விட்டுவிட்டால், நடுவில் ஒரு செய்தி வந்து மணியடித்தாலும் அது உங்கள் காதோடு நின்றுவிடும்.

ஆனால் ஒலியை வாசிக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் கடிகாரம் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனி. ஒரு கார்டு வினாடிக்குச் சரியாக 44,100 மாதிரிகளை (ஒலியை நறுக்கிய சிறு துண்டுகளை) வாசிக்கிறது, மற்றது 44,102 வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 7,200 மாதிரிகள் வித்தியாசம், கிட்டத்தட்ட 0.16 வினாடி. நிமிடத்துக்கு 120 அடிகள் விழும் பாட்டில் அடிக்கு அடி அரை வினாடிதான். மென்பொருள் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டாவிட்டால் காதில் கேட்பதும் கூடத்தில் கேட்பதும் விலகிப்போகும். சரிக்கட்டினால் அவ்வப்போது ஒரு 'டிக்' சத்தம் வரலாம். மேக் கணினியில் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலி வழியாக இரண்டு கார்டுகளையும் ஒன்றாக இணைத்து, விலகலைத் திருத்தும் பெட்டியில் குறியிட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். விண்டோஸில் கொஞ்சம் போராட வேண்டும்.

ஒரே மாதிரியான இரண்டு யுஎஸ்பி கார்டுகளை மட்டும் வாங்காதீர்கள். நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் நான் அப்படி இரண்டை வைத்திருந்தேன். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர். துளை மாற்றிச் செருகிவிட்டேன். நான் அடுத்த பாட்டின் தொடக்கத்தைத் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தது முழுவதும் கூடத்தில் கேட்டது, ஆடிக்கொண்டிருந்த குழந்தைகள் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிரவே இரண்டிலும் வண்ண ஒட்டுக்காகிதம் ஒட்டினேன்.

மூன்றாவது வழி, நான்கு வெளியீட்டுத் தடங்கள் கொண்ட ஒரே சவுண்ட் கார்டு. ஒரே கடிகாரம் என்பதால் மேலே சொன்ன விலகல் அடியோடு இல்லை. இங்கே ஏமாறும் இடம் வேறு. பெட்டியில் ஸ்பீக்கருக்கு ஒரு துளை, ஹெட்போனுக்கு ஒரு துளை என்று பார்த்ததும் இரண்டும் தனித்தனி என்று நினைத்துவிடுகிறோம். பெஹ்ரிங்கர் யுசிஏ202, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்றவை நல்ல கருவிகள்தான், ஆனால் அவற்றின் ஹெட்போன் துளையில் வருவது ஸ்பீக்கருக்குப் போகும் அதே ஒலி. பாடிப் பதிவு செய்கிறவருக்கு அது போதும், டிஜேக்கு உதவாது. பெஹ்ரிங்கர் யுஎம்சி204எச்டியில் நான்கு வெளியீட்டுத் தடங்கள் உண்டு. ஹெட்போனில் எந்த ஜோடியைக் கேட்பது என்று மாற்றிக்கொள்ள ஒரு பொத்தானும் இருக்கிறது. பெயரில் ஓர் எண் மட்டும் மாறும் யுஎம்சி202எச்டியில் இரண்டே தடங்கள். எனவே துளைகளை எண்ணாதீர்கள், வெளியீட்டுத் தடங்கள் எத்தனை என்று விவரக்குறிப்பில் தேடுங்கள். 192 கிலோஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். எம்பி3 பாட்டுகளை மண்டபத்தில் ஒலிக்கவிட 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தாராளம்.

டிஜே மென்பொருளைச் சக்கரங்களாலும் பொத்தான்களாலும் இயக்கும் கருவியான கண்ட்ரோலருக்குள்ளேயே சவுண்ட் கார்டு இருப்பது நான்காவது வழி. நியூமார்க் டிஜே2கோ2 டச் போன்ற கைக்கடக்கமான கருவியிலும் அது உண்டு, பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற பெரியதிலும் உண்டு. அதே பயனியரின் டிடிஜே-200இல் கிடையாது. பெட்டியிலேயே பிரிப்பான் கேபிளைத்தான் வைத்துக் கொடுத்தார்கள். பழைய கருவியாக மலிவுக்கு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஒரு வருடத்துக்குள் கண்ட்ரோலர் வாங்கும் எண்ணம் இருப்பவர் இப்போது பிரிப்பான் கேபிளோடு பழகட்டும், மீதியைச் சேர்த்து வைக்கட்டும். தனி சவுண்ட் கார்டு வாங்கினால் கண்ட்ரோலர் வந்த நாளே அது அலமாரிக்குப் போய்விடும். லேப்டாப்பின் விசைப்பலகையே போதும், பாட்டும் பதிவு செய்ய வேண்டும் என்பவருக்கு நான்கு தடக் கார்டுதான் சரி. இரண்டு கார்டு ஏற்பாட்டை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு போகும் நிகழ்ச்சிக்கு அதை எடுத்துச் செல்ல நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

எதை வாங்கினாலும் விண்டோஸில் கார்டோடு வரும் ஏஎஸ்ஐஓ டிரைவரை (ஒலியை அதிகத் தாமதமில்லாமல் கார்டுக்கு அனுப்பும் மென்பொருள்) போடுங்கள். அது இல்லாதவற்றுக்கு ஏஎஸ்ஐஓ4ஆல் இலவசமாகக் கிடைக்கிறது. தாங்கல் (buffer) அளவை, அதாவது கார்டுக்குப் போகுமுன் சேர்த்து வைக்கும் ஒலியின் அளவை, 512 மாதிரிகளில், அதாவது சுமார் 11.6 மில்லிவினாடியில் தொடங்குங்கள். ஒலி வெடித்தால் 1,024க்கு ஏற்றுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி, ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, பாட்டே ஓடாமல் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்ற முனகல் வந்து, சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் பழி சவுண்ட் கார்டின் மேல் இல்லை, தரை இணைப்பில் இருக்கிறது. அதற்கு, கார்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டி, தரை வழியாக வரும் முனகலைத் தடுக்கும் சிறிய ஐசோலேட்டர் ஒன்று போதும்.